கிராமத்துல இருந்து பாஸ்போர்ட் எடுக்குறது, ரினியூ பண்றது: அடிக்கடி கேக்குற கேள்விகள்

எங்க ஊரு முதுகுளத்தூர் பக்கம். வானம் பாத்த பூமி, அதனால வீட்டுக்கு ஒருத்தராவது சவூதி, துபாய், சிங்கப்பூர், மலேசியான்னு போயிருப்பாங்க. ஆறேழு வருஷமா ஊர்க்காரங்களுக்கு பாஸ்போர்ட் ஃபார்ம் நிரப்பிக் குடுத்துக்கிட்டு இருக்கேன், காசுக்கு இல்ல, கேட்டு வர்றவங்களுக்கு. வர்ற எல்லாரும் கேக்குற கேள்வி பெரும்பாலும் ஒண்ணாத்தான் இருக்கு, அதான் மொத்தமா எழுதி வெச்சிடலாம்னு உக்காந்தேன். முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், நான் பாத்தவரைக்கும் நம்ம ஆளுங்களுக்கு பாஸ்போர்ட் நின்னு போறது பாஸ்போர்ட் ஆபீஸால இல்ல. டிசில ஒரு பேரு, ஆதார்ல ஒரு பேரு, பத்தாப்பு மார்க் ஷீட்ல ஒரு பேருன்னு இருக்கறதாலதான். அப்ளை பண்றதுக்கு முன்னாடி ஒரு மாசம் செலவழிச்சு இத சரி பண்ணிட்டா மீதியெல்லாம் தானா நடக்கும்.

நானே அப்ளை பண்ண முடியுமா? ஏஜென்ட் இல்லாம நடக்குமா?

தாராளமா பண்ணலாம். போன்லயே பண்ணலாம், எம்பாஸ்போர்ட் சேவான்னு கவர்மென்ட் ஆப் இருக்கு, இல்லன்னா பாஸ்போர்ட்இந்தியா டாட் கவ் டாட் இன் சைட்டுக்கு போங்க. கடைசில "கவ் டாட் இன்" இருக்கான்னு கண்டிப்பா பாருங்க, ஏன்னா கூகுள்ல தேடுனா அதே மாதிரி கலர்ல அதே மாதிரி எழுத்துல போலி சைட்டுங்க வருது, அதுல பணம் கட்டுனா போனது போனதுதான். டைப் பண்ண வராதவங்க பக்கத்துல இருக்குற சிஎஸ்சி பொது சேவை மையத்துக்கு போகலாம், ஃபார்ம் நிரப்பி ஃபீஸ் கட்டி அப்பாயின்மென்ட் எடுத்துக் குடுக்க 100 ரூபான்னுதான் இந்த சேவைய ஆரம்பிக்கறப்ப வெச்சாங்க, ஆனா ஊருக்குள்ள ஆயிரம் ரெண்டாயிரம்னு வாங்குறவங்க இருக்காங்க.

யாருகிட்ட பண்ணாலும் சரி, ஈமெயிலும் போன் நம்பரும் உங்களுதா இருக்கணும். எங்க தெருவுல ஒரு அக்கா புரோக்கர்கிட்ட குடுத்து பண்ணாங்க, அவரு தன்னோட ஈமெயில போட்டு அக்கவுன்ட் ஓபன் பண்ணிட்டாரு, நடுவுல ஒரு டாக்குமென்ட் குறையுதுன்னு வந்த மெசேஜ் அந்த அக்காவுக்கு தெரியவே இல்ல, மூணு மாசம் "வரும் வரும்"னு காத்துக் கிடந்தாங்க. பாஸ்வேர்டையும் ஒரு நோட்டுல எழுதி வீட்டுல வெச்சுக்கங்க, பத்து வருஷம் கழிச்சு ரினியூ பண்றப்பவும் தேவைப்படும்.

எந்த ஆபீஸுக்கு போகணும்? மதுரைக்கே போயாகணுமா?

தமிழ்நாட்டுல மண்டல பாஸ்போர்ட் ஆபீஸ் சென்னை, திருச்சி, மதுரை, கோயம்புத்தூர் நாலு எடத்துல இருக்கு. நம்ம ராமநாதபுரம் ஜில்லா மதுரை ஆபீஸ்ல சேருது. 2007-ல மதுரை ஆபீஸ் வர்ற வரைக்கும் நம்ம ஆளுங்க திருச்சிக்குத்தான் பஸ் ஏறுனாங்க, அதெல்லாம் எங்க அப்பா காலத்து கதை. இப்ப நேர்ல போக வேண்டியது பாஸ்போர்ட் சேவா கேந்திராவுக்கு, இல்லன்னா தபால் ஆபீஸ்ல இருக்குற பாஸ்போர்ட் சேவா கேந்திராவுக்கு. இந்த தபால் ஆபீஸ் திட்டம் 2017-ல வந்தது, நம்மள மாதிரி தூரத்து ஊருக்காரங்களுக்காகத்தான் கொண்டு வந்தாங்க. அப்பாயின்மென்ட் எடுக்குறப்ப லிஸ்ட்ல எந்தெந்த சென்டர் இருக்குன்னு காட்டும், ஒவ்வொண்ணுலயும் முதல்ல கிடைக்குற தேதி என்னன்னும் காட்டும், அத ரெண்டையும் பாத்து எடுங்க. பக்கத்துல இருக்குறதுல ஒரு மாசம் கழிச்சுதான் தேதி இருக்கு, மதுரைல அடுத்த வாரமே இருக்குன்னா அவசரம் உள்ளவங்க மதுரைக்கே போயிடலாம்.

அப்பாயின்மென்ட் தேதிக்கு போக முடியலன்னா பதறாதீங்க. முதல் அப்பாயின்மென்ட்ல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள மூணு தடவ வரைக்கும் மாத்திக்கலாம், கட்டுன பணம் வீணாகாது.

இனிஷியல் என்ன பண்றது? சர்நேம்னு கேக்குது, எனக்கு அப்படி ஒண்ணு கிடையாதே?

இதுதான் நம்ம ஊருல பெரிய தலைவலி, கொஞ்சம் நிதானமா படிங்க.

ஃபார்ம்ல ரெண்டு கட்டம் இருக்கு, ஒண்ணு கிவன் நேம், இன்னொண்ணு சர்நேம். நமக்கு குடும்பப் பேருன்னு ஒண்ணு கிடையாது, இனிஷியல் மட்டும்தான். பாஸ்போர்ட்ல இனிஷியல் ஏத்துக்க மாட்டாங்க, விரிச்சு முழுசா எழுதணும். மா. முருகன்னா கிவன் நேம்ல முருகன், சர்நேம்ல மாரியப்பன்னு அப்பா பேரு. நான் எல்லாருக்கும் இப்படித்தான் போடச் சொல்றேன். சில பேரு "எனக்கு ஏன் அப்பா பேர கூட சேக்கணும், நான் முருகன் மட்டும்தான்"னு சர்நேம காலியா விட்டுடுவாங்க. அப்படியும் பாஸ்போர்ட் வரும், ஆனா வெளிநாட்டுல மாட்டிக்குவீங்க. 2022 நவம்பர் 21-ல இருந்து யூஏஇ, அதாவது துபாய் அபுதாபி எல்லாம், விசிட் விசாவுல வர்றவங்க பாஸ்போர்ட்ல ஒத்தைப் பேரு மட்டும் இருந்தா உள்ள விட மாட்டோம்னு சொல்லிட்டாங்க. அப்புறம் கொஞ்சம் எறங்கி வந்து, ரெண்டாவது பக்கத்துல அப்பா பேரோ குடும்பப் பேரோ இருந்தா ஏத்துக்கிறோம்னாங்க. அந்த நேரத்துல நம்ம பக்கத்து பசங்க எத்தன பேரு டிக்கெட் போட்டுட்டு ஏர்போர்ட்ல நின்னாங்கன்னு எனக்கு தெரியும். அதனால புதுசா எடுக்குறவங்க ரெண்டு கட்டத்தையும் நிரப்பிடுங்க.

அடுத்தது ஸ்பெல்லிங். தமிழ்ல எல்லாத்துலயும் லட்சுமின்னே இருக்கும், இங்கிலீஷ்ல டிசில லெட்சுமி, ஆதார்ல லக்ஷ்மி, ஓட்டர் ஐடில லட்சுமின்னு மூணு விதமா அடிச்சிருப்பாங்க. நமக்கு மூணும் ஒரே ஆளு, கம்ப்யூட்டருக்கு மூணு ஆளு. ஃபார்ம் நிரப்புறதுக்கு முன்னாடி எல்லா பேப்பரையும் பாயில பரப்பி வெச்சு ஒவ்வொரு எழுத்தா சேத்துப் பாருங்க. நான் ஒரு வெள்ளத் தாள்ல கோடு போட்டு, ஒரு பக்கம் டாக்குமென்ட் பேரு, அதுக்கு நேரா பேரு, அப்பா பேரு, பிறந்த தேதின்னு எழுதிடுவேன், எங்க ஒத்து வரலன்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும்.

ஒத்து வரலன்னா எத மாத்துறது? பத்தாப்பு மார்க் ஷீட் இருக்குறவங்க அத அப்படியே வெச்சுக்கிட்டு மத்தத அதுக்கு ஏத்தாப்ல மாத்துங்க, ஏன்னா மார்க் ஷீட்ல மாத்துறதுதான் எல்லாத்தவிட கஷ்டம். ஆதார்ல பேரு ரெண்டு தடவ மாத்தலாம், பிறந்த தேதி ஒரே ஒரு தடவதான், அந்த ஒரு வாய்ப்ப யோசிச்சு பயன்படுத்துங்க. எல்லாத்துலயும் ஒரே இனிஷியலோட சரியா இருந்து விரிவு மட்டும் இல்லன்னா பயப்பட வேணாம், அப்பா பேரு வேற பேப்பர்ல தெளிவா இருந்தா பெரும்பாலும் ஏத்துக்குறாங்க.

எனக்கு பர்த் சர்டிபிகேட்டே இல்ல. வீட்டுலயே பிறந்தேன். என்ன காட்டுறது?

2023 அக்டோபர் 1 அன்னிக்கோ அதுக்கு அப்புறமோ பிறந்த குழந்தைங்களுக்கு பர்த் சர்டிபிகேட் மட்டும்தான் செல்லும், வேற எதுவும் செல்லாது. இந்த விதிய 2025 பிப்ரவரில கொண்டு வந்தாங்க. அதுக்கு முன்னாடி பிறந்தவங்களுக்கு ஸ்கூல் டிசி, பத்தாப்பு சர்டிபிகேட், பான் கார்டு, டிரைவிங் லைசென்ஸ், ஓட்டர் ஐடி, எல்ஐசி பாலிசி பாண்டு, பென்ஷன் வாங்குறவங்களுக்கு பென்ஷன் ஆர்டர்னு நெறைய வழி இருக்கு. முக்கியமா அதுல தேதி மாசம் வருஷம் மூணும் இருக்கணும். நம்ம ஊருல பெரியவங்களுக்கு ஆதார் எடுக்குறப்ப "பொங்கலுக்கு முந்தி பிறந்தேன், வெள்ளம் வந்த வருஷம்"னு சொல்லியிருப்பாங்க, எடுத்தவரு 01-01 போட்டு ஒரு வருஷத்த போட்டுட்டு போயிருப்பாரு, ஓட்டர் ஐடில வேற வருஷம் இருக்கும். ஆதார அட்ரஸுக்கு வெச்சுக்கங்க, பிறந்த தேதிக்கு வேற ஒண்ணு காட்டுங்க, ஆனா ரெண்டுலயும் தேதி ஒண்ணா இருக்கணும்.

ஸ்கூல் பக்கமே போகாதவங்களுக்கு பான் கார்டுதான் நான் சொல்ற வழி. ஆதார்ல தேதிய முதல்ல சரி பண்ணிட்டு அத வெச்சு பான் எடுத்துடுங்க, ரெண்டும் ஒத்துப் போயிடும்.

நான் திருப்பூர்ல வேல பாக்குறேன், ஆதார் ஊரு அட்ரஸ்ல இருக்கு. எங்க அப்ளை பண்றது?

2018-ல இருந்து இந்தியாவுல எந்த ஆபீஸ்லயும் அப்ளை பண்ணலாம், அதனால கோயம்புத்தூர்லயே அப்பாயின்மென்ட் எடுத்துக்கலாம். ஆனா போலீஸ் வெரிஃபிகேஷன் ஃபார்ம்ல எந்த அட்ரஸ் குடுத்தீங்களோ அங்கதான் நடக்கும், பாஸ்போர்ட்டும் அங்கதான் வரும். பனியன் கம்பெனி ரூம்ல ஆறு மாசத்துக்கு ஒரு தடவ வீடு மாறுறவங்க அந்த ரூம் அட்ரஸ குடுக்காதீங்க, வாடகை அக்ரிமென்ட்டும் இருக்காது, போலீஸ் வர்றப்ப ஆளும் இருக்காது. ஊரு அட்ரஸ குடுங்க, போன் வந்ததும் ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வந்துடுங்க.

அட்ரஸ் எழுதுறப்ப கதவு எண், தெரு, ஊரு, போஸ்ட், தாலுகா, பின்கோடு எல்லாம் ஆதார்ல இருக்குற மாதிரியே எழுதுங்க. கதவு எண் பழசு புதுசுன்னு ரெண்டு இருந்தா ஆதார்ல எது இருக்கோ அது. இன்னொண்ணு, ஃபார்ம்ல போலீஸ் ஸ்டேஷன லிஸ்ட்ல இருந்து எடுக்கச் சொல்லும், பக்கத்து டவுன் ஸ்டேஷன்தான்னு நெனச்சு அத அமுக்கிடாதீங்க, நம்ம ஊரு வேற ஸ்டேஷன் லிமிட்ல இருக்கலாம். விஏஓ கிட்டயோ பஞ்சாயத்து கிளார்க் கிட்டயோ கேட்டா உடனே சொல்லிடுவாங்க. தப்பான ஸ்டேஷனுக்கு போயிட்டா ஃபைல் அங்கயும் இங்கயும் அலைஞ்சு ஒரு மாசம் ஓடிடும்.

மொத்தம் எவ்வளவு செலவாகும்?

பெரியவங்களுக்கு 36 பக்க புக்குக்கு 1,500 ரூபா, 60 பக்கத்துக்கு 2,000. தட்கல்னா கூட 2,000 சேரும். 18 வயசுக்கு கீழ இருந்தா 1,000. எட்டு வயசுக்கு கீழ உள்ள குழந்தைங்களுக்கும் 60 தாண்டுன பெரியவங்களுக்கும் புது பாஸ்போர்ட்னா பத்து சதவீதம் குறைச்சுக்குறாங்க. ரினியூவலுக்கும் அதே 1,500-தான், இதுல தள்ளுபடி கிடையாது. இத தாண்டி பஸ் காசு, ஜெராக்ஸ் காசு, அவ்வளவுதான். யாராச்சும் "எட்டாயிரம் ஆகும், பத்தாயிரம் ஆகும்"னு சொன்னா அது கவர்மென்ட் ஃபீஸ் இல்ல, அவங்க பைக்கு போறது.

அப்பாயின்மென்ட் அன்னிக்கு உள்ள என்ன நடக்கும்? போட்டோ கொண்டு போகணுமா?

போட்டோ வேணாம், அங்கயே எடுப்பாங்க. நாலு வயசுக்கு கீழ உள்ள குழந்தைக்கு மட்டும் வெள்ள பேக்ரவுண்டுல பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கொண்டு போங்க. பேக்ரவுண்டு வெள்ளைங்கறதால வெள்ள சட்ட, வெளிர் கலர் சேல வேணாம், அடர் கலர்ல போட்டுட்டு போங்க. எல்லா ஒரிஜினலும், அதுக்கு ஜெராக்ஸும் கையில இருக்கணும். ஜெராக்ஸுல நீங்களே கையெழுத்து போட்டா போதும், கெசட்டட் ஆபீஸர தேடி அலையுற காலமெல்லாம் போச்சு, 2016 டிசம்பர்ல இருந்து அனெக்ஸருக்கு, அதாவது ஃபார்மோட சேத்துக் குடுக்குற உறுதிமொழித் தாளுக்கு, நோட்டரியும் வேணாம், வெள்ளத் தாள்ல சொந்த உறுதிமொழி போதும்.

வெள்ளனவே கிளம்பிடுங்க, குடுத்த நேரத்துக்கு கால் மணி நேரம் முன்னாடி இருந்தா சரியா இருக்கும். பெரிய கேந்திராவுல ஏ, பி, சி-ன்னு மூணு கவுன்டர். ஏ-ல போட்டோ, கைரேகை, ஸ்கேன். பி-ல ஆபீஸர் ஒரிஜினல பாப்பாரு. சி-ல முடிவு பண்ணுவாங்க. தபால் ஆபீஸ் கேந்திராவுல ஏ, பி வேல மட்டும் நடக்கும், கடைசி முடிவு மண்டல ஆபீஸ்ல எடுப்பாங்க, அதனால அங்க "கிரான்ட் ஆகல", அதாவது இன்னும் அனுமதி ஆகலன்னு ஸ்லிப்புல இருந்தா பயப்படாதீங்க. வெளிய வர்றப்ப குடுக்குற அந்த ஸ்லிப்ப பத்திரமா வெச்சுக்கங்க, அதுல இருக்குற ஃபைல் நம்பர வெச்சுத்தான் ஸ்டேட்டஸ் பாக்கணும்.

கைரேகை பத்தி ஒண்ணு சொல்லணும். போன வருஷம் எங்க பெரியம்மாவ கூட்டிட்டு போனேன். வாழ்நாள் பூரா கருவேலம் வெட்டி கரிமூட்டம் போட்ட கை, ரேகையே தேஞ்சு போயிருச்சு. மெஷின்ல விரல வெச்சா வைக்க வைக்க செவப்பு லைட்டுதான் எரியுது. பெரியம்மா மெரண்டு போயி "நான் என்ன தப்பு பண்ணுனேன் தம்பி"ன்னு கேக்குது. அங்க இருந்த பொண்ணு நல்ல பொண்ணு, ஈரத் துணிய குடுத்து தொடைக்கச் சொல்லி, விரல பிடிச்சு லேசா அழுத்தி, அஞ்சாறு தடவைக்கு அப்புறம் எடுத்துட்டா. உப்பளத்துல, செங்கச் சூளைல, கரிமூட்டத்துல வேல பாக்குறவங்க நாலு நாளைக்கு முன்னாடி இருந்தே ராத்திரி கையில தேங்காயெண்ண தடவிட்டு படுங்க, போற அன்னிக்கு காலைல சோப்பு போட்டு நல்லா கழுவிட்டு போங்க. கையெழுத்து தெரியாதவங்க ரேக வைக்கலாம், ஆம்பளைங்க இடது கட்ட விரல், பொம்பளைங்க வலது கட்ட விரல்.

போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு காசு குடுக்கணுமா?

வேணாம். நீங்க கட்டுன ஃபீஸ்லயே அதுவும் அடக்கம், வெரிஃபிகேஷன் செலவுக்கு வெளியுறவுத் துறை போலீஸுக்கு தனியா குடுத்துடுது. 21 நாளுக்குள்ள ரிப்போர்ட் அனுப்பணும்னு கணக்கு இருக்கு. ஸ்டேஷன்ல இருந்து போன் வரும், தெரியாத நம்பர்னு எடுக்காம விட்டுடாதீங்க, வயல்ல சிக்னல் இல்லன்னா அந்த ஒரு மாசத்துக்கு சிக்னல் இருக்குற வீட்டு ஆளோட நம்பரையும் ஃபார்ம்ல குடுத்து வெச்சுக்கங்க. வீட்டுக்கு வருவாங்க, இல்ல ஸ்டேஷனுக்கு கூப்புடுவாங்க. ஆதார், டிசி ஜெராக்ஸ், ரெண்டு போட்டோ எடுத்துட்டு போங்க, அக்கம் பக்கத்துல உங்கள தெரிஞ்ச ரெண்டு பேரு பேரையும் நம்பரையும் ரெடியா வைங்க. அவங்க பாக்குறது ரெண்டுதான், நீங்க இந்தியக் குடிமகனா, உங்க மேல கேஸ் இருக்கா. ஆளு அட்ரஸ்ல இல்லன்னு எழுதிட்டா பாஸ்போர்ட் ஆபீஸ்ல இருந்து லெட்டர் வரும், அத பாத்து மனசு விட்டுடாதீங்க, நேர்ல போயி விளக்கம் சொன்னா திரும்ப வெரிஃபிகேஷனுக்கு அனுப்புவாங்க.

வரப்புத் தகராறுல என் மேல கேஸ் இருக்கு. பாஸ்போர்ட் கிடைக்குமா?

கிராமத்துல இது இல்லாத வீடு கம்மி. பங்காளி சண்ட, வாய்க்கா தண்ணி சண்ட, கோயில் திருவிழா சண்ட, கூட நின்னவன் பேரையும் சேத்து எழுதிடுவாங்க. முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது, எஃப்ஐஆர் போட்டதால மட்டும் பாஸ்போர்ட்ட மறுக்க முடியாது, கோர்ட்டு அந்த கேஸ விசாரணைக்கு எடுத்தப்புறம்தான் அது நிலுவைல உள்ள கேஸ்னு கணக்கு. 2019 அக்டோபர்ல வெளியுறவுத் துறையே இத தெளிவா எழுதி அனுப்பியிருக்கு. கோர்ட்டுல நடந்துக்கிட்டு இருந்தா 1967 பாஸ்போர்ட் சட்டத்துல 6(2)(எஃப்) பிரிவுல நிறுத்தி வைப்பாங்க, ஆனா அதே கோர்ட்டுல "வெளிநாடு போக அனுமதி வேணும்"னு மனு போட்டு ஆர்டர் வாங்கிட்டு வந்தா பாஸ்போர்ட் கிடைக்கும், 1993-ல இருந்தே அதுக்கு வழி இருக்கு. வக்கீலுக்கு இது பழக்கமான மனுதான்.

தயவுசெஞ்சு ஃபார்ம்ல மறைக்காதீங்க. கேஸ் இருக்கான்னு கேக்குற எடத்துல இல்லன்னு போட்டுட்டா போலீஸ் ரிப்போர்ட்ல கண்டிப்பா வந்துடும், அப்புறம் கேஸ விட தகவல மறைச்சதுதான் பெரிய குத்தமா நிக்கும்.

ஈசிஆர்னா என்ன? எனக்கு ஏன் அந்த முத்திரை?

பத்தாப்பு பாஸ் பண்ணாதவங்களுக்கு பாஸ்போர்ட்ல ஈசிஆர்னு வரும். சவூதி, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், யூஏஇ, மலேசியா மாதிரி சில நாடுகளுக்கு வேலைக்கு போறப்ப குடியேற்ற அனுமதி வாங்கிட்டுத்தான் போகணும்னு அர்த்தம். கவர்மென்ட்டோட இமைக்ரேட் சைட் வழியா அது நடக்கும். நம்ம ஆளுங்க இத ஒரு தண்டனை மாதிரி நெனைக்குறாங்க, அப்படி இல்ல. படிக்காத ஆள ஏமாத்தி கூட்டிட்டு போயி சம்பளம் குடுக்காம ஒட்டகம் மேய்க்க விட்டுடக் கூடாதுன்னு வெச்ச தடுப்புதான் அது. அந்த வழில போறவங்களுக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனான்னு 10 லட்ச ரூபா இன்சூரன்ஸும் கட்டாயம். சும்மா மகனப் பாக்க, சுத்திப் பாக்க போறவங்களுக்கு இந்த அனுமதி தேவையில்ல.

பத்தாப்பு பாஸ் பண்ணிருந்தா மார்க் ஷீட்ட மறக்காம கொண்டு போங்க. எங்க சித்தப்பா பத்தாப்பு பாஸ். புரோக்கர் ஒருத்தரு ஃபார்ம்ல படிப்பு கட்டத்துல ஏழாப்புக்கு கீழன்னு போட்டுட்டாரு, கேட்டா "அதெல்லாம் முக்கியமில்ல"ன்னுட்டாரு. பாஸ்போர்ட் ஈசிஆரா வந்துடுச்சு, வேல ரெடியா இருந்தும் போக முடியல, திரும்ப 1,500 கட்டி மாத்துறதுக்குள்ள அந்த விசா போயிடுச்சு. சித்தப்பா அந்த வருஷம் பூரா ஊர்லயே கூலி வேலைக்கு போனாரு. 50 வயசு தாண்டுனவங்களுக்கும், இன்கம் டேக்ஸ் கட்டுறவங்களுக்கும் ஈசிஆர் கிடையாது, ஏற்கனவே இருந்தா ரீஇஷ்யூ, அதாவது பழைய பாஸ்போர்ட்டுக்கு பதிலா புதுசு குடுக்கச் சொல்ற மனு, போட்டு அத எடுத்துடலாம்.

புருஷன் பேரு சேக்கணுமா? அவரு விட்டுட்டு போயிட்டாரு.

சேக்கணும்னு கட்டாயமே இல்ல. கல்யாண சர்டிபிகேட்டும் கட்டாயம் இல்ல, விவாகரத்து பேப்பரும் கேக்க மாட்டாங்க. 2016 டிசம்பர்ல இதெல்லாம் எடுத்துட்டாங்க. அப்பா பேரு, அம்மா பேரு, இதுல ஒண்ணு இருந்தாலும் போதும். சேக்கணும்னு விரும்புறவங்க மேரேஜ் சர்டிபிகேட் வெச்சு சேக்கலாம், அது இல்லன்னா ரெண்டு பேரும் ஒண்ணா எடுத்த போட்டோவ ஒட்டி கையெழுத்து போடுற அனெக்ஸர் ஜே இருக்கு.

புள்ளைக்கு எடுக்கணும், அப்பா சவூதில இருக்காரு. எப்படி?

ரெண்டு பேரும் இங்க இருந்தா அனெக்ஸர் டி-ல ரெண்டு பேரும் கையெழுத்து. ஒருத்தரு வெளிநாட்டுல இருந்தா இங்க இருக்குறவங்க அனெக்ஸர் டி, அங்க இருக்குறவரு அந்த ஊரு இந்தியன் எம்பஸில அட்டெஸ்ட் பண்ணுன உறுதிமொழி. அத ஒரிஜினலா யாரு கையிலயாவது குடுத்து விடணும், அதனால ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லி வைங்க. அப்பா தொடர்புலயே இல்லன்னா அம்மா மட்டும் அனெக்ஸர் சி வெச்சு எடுக்கலாம். இந்த சட்டம் தெரியாம எத்தனையோ பொண்ணுங்க "அவன் கையெழுத்து இல்லாம நடக்காது"ன்னு உக்காந்திருக்காங்க, நடக்கும். சின்னப் பிள்ளைங்க பாஸ்போர்ட் அஞ்சு வருஷம் செல்லும், இல்லன்னா 18 வயசு ஆகுற வரைக்கும், எது முன்னாடி வருதோ அது.

ரினியூவல் எப்ப பண்ணனும்?

பெரியவங்க பாஸ்போர்ட் 10 வருஷம். முடியறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே பண்ணலாம், கடைசி மாசம் வரைக்கும் விடாதீங்க, ஏன்னா நெறைய நாட்டுல ஆறு மாசமாவது செல்லுபடி பாக்கி இருக்கணும்னு கேப்பாங்க. ஃபார்ம்ல ரீஇஷ்யூன்னு எடுங்க, ஃப்ரெஷ்னு எடுத்துடாதீங்க. ஒரு தடவ பாஸ்போர்ட் வெச்சிருந்தா, அது முடிஞ்சு இருபது வருஷம் ஆனாலும் ரீஇஷ்யூதான். பழைய ஆளுங்க சில பேரு டிரங்கு பெட்டில கையால எழுதுன பாஸ்போர்ட் வெச்சிருப்பாங்க, 2015 நவம்பர் 24-க்கு அப்புறம் அது எந்த நாட்டுலயும் செல்லாது, ஆனா தூக்கிப் போட்டுடாதீங்க, அந்த நம்பர ஃபார்ம்ல குடுக்கணும். இப்ப ரினியூ பண்ணா சிப் வெச்ச ஈ-பாஸ்போர்ட் வரும், அட்டைல தங்கக் கலர்ல ஒரு சின்ன அடையாளம் இருக்கும். சென்னைல 2025 மார்ச்ல குடுக்க ஆரம்பிச்சாங்க.

தொலஞ்சு போச்சு, என்ன பண்ண?

ஸ்டேஷன்ல புகார் குடுத்து ரிப்போர்ட் வாங்குங்க, அனெக்ஸர் எஃப் எழுதுங்க, 3,000 ரூபா கட்டி ரீஇஷ்யூ போடுங்க. ஜெராக்ஸ் இருந்தா பாதி வேல மிச்சம்.

பாஸ்போர்ட் எப்படி வரும்?

ஸ்பீட் போஸ்ட்ல, உங்க பேருக்கு, உங்க கையிலதான் குடுப்பாங்க. அனுப்பிட்டோம்னு எஸ்எம்எஸ் வந்ததும் போஸ்ட்மேன்கிட்ட ஒரு வார்த்த சொல்லி வைங்க, வீடு பூட்டி இருந்தா திரும்ப பாஸ்போர்ட் ஆபீஸுக்கே போயிடும். ஏதாச்சும் சந்தேகம்னா 1800-258-1800, காசு இல்லாத நம்பர், தமிழ்லயும் பேசுவாங்க. கவர பிரிச்சதும் போஸ்ட்மேன் நிக்கும்போதே பேரு, அப்பா அம்மா பேரு, பிறந்த தேதி, ஊரு, ஈசிஆர் எல்லாத்தையும் சரி பாருங்க, எழுத்து ஒண்ணு மாறியிருந்தாலும் உடனே சொன்னாத்தான் திருத்துவாங்க.

ஏஜென்ட் ஒரிஜினல் பாஸ்போர்ட்ட கேக்குறாரு, குடுக்கலாமா?

விசா ஸ்டாம்பிங்குக்கு குடுக்க வேண்டி வரும், அது சரி. ஆனா அதுக்கு முன்னாடி அந்த ஏஜென்ட் இமைக்ரேட்ல பதிவு பண்ணுனவரான்னு பாருங்க, பதிவு நம்பர கேளுங்க, அந்த நம்பர சைட்ல போட்டா பேரு வரும். குடுக்குறப்ப தேதி போட்டு, பாஸ்போர்ட் நம்பர் எழுதி, கையெழுத்து வாங்கிக்கங்க. குடுக்குறதுக்கு முன்னாடி முதல் பக்கமும் கடைசி பக்கமும் போன்ல போட்டோ எடுத்து வீட்டுல இன்னொருத்தர் போனுக்கும் அனுப்பிடுங்க, ரெண்டு ஜெராக்ஸ் எடுத்து ஒண்ண ரேஷன் கார்டு வெச்சிருக்குற பைல போட்டு வைங்க. எங்க பெரியம்மா வீட்டுல அந்தப் பை சாமி படத்துக்கு பின்னால ஆணில தொங்குது, அதுல இப்ப மூணு பேரு பாஸ்போர்ட் ஜெராக்ஸ் இருக்கு.